அமாவாசையில் ஓடும் தறி

மாமா,

இன்று காலை கொள்ளு பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. மூடியைச் சற்று நகர்த்தி வைக்க மறந்துவிட்டேன். அந்த வாசனை தறி இருக்கும் அறையைத் தாண்டிப் பின்பக்கக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்ததும், நம் குதிரை ஜரிகை முன்னங்காலால் வாளியைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, "அடுப்ப அணைமா. நம்ம வீட்ல ரசம்னு நெனச்சுக்கினு நாலு பேர் தட்டத் தூக்கினு வந்துடப் போறாங்க" என்றார்.

நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் கிண்ணத்தோடு அடுப்படியில் நின்றிருப்பீர்கள். கொள்ளு வெந்ததும் முதல் கரண்டி உங்களுக்குத்தான். வெங்காயம் அரிந்து போட்டு, உப்பு தூவி, நின்றபடியே தின்பீர்கள். வாயுக் கோளாறு இருப்பவர் கொள்ளைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினால், "குதிரைக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் ருசி பாக்கணும் இல்லமா" என்பீர்கள். ராஜாக்களுக்குத்தான் அந்த வழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நம் வீட்டில் குதிரைக்கு இருந்தது.

இன்று அமாவாசை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியும் ஓடவில்லை. அமாவாசை வந்தாலே நம் வீட்டில் உங்கள் பேச்சும் வந்துவிடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நேரில் நான் உங்களிடம் பேசியதில் பாதி சண்டை. எழுத்தில் குறுக்கே பேச உங்களால் முடியாது என்பது எனக்கு வசதி.

ஆற்காட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனவர் குதிரையோடு திரும்பிய கதையை இந்தத் தெரு இன்னும் மறக்கவில்லை. ஒரு சின்ன லோடு வண்டி வந்து வாசலில் நின்றது. பின்னால் நீங்கள் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தீர்கள். நீங்கள் குதிரையைப் பிடித்திருந்தீர்களா, விழாமல் இருக்கக் குதிரை உங்களைப் பிடித்திருந்ததா என்று எங்களுக்குப் புரியவில்லை. அத்தை தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த கையோடு வெளியே வந்தார்.

"இன்னாயா இது?"

"குதிர."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. எதுக்குன்னு கேக்கறேன்."

"கல்யாணத்துக்கு வுடலாம். மாப்பிள்ள அழைப்புக்கு, பொண்ணழைப்புக்கு எல்லாம் இப்ப குதிரதான் கேக்கறாங்க. நம்ம கிட்டயே ஒண்ணு இருந்துச்சுன்னா?"

"நம்ம கிட்ட மூளைகூடத்தான் இருக்கணும். இருக்குதா?"

அன்றைக்கு நானும் அத்தை பக்கம்தான். தறி, சமையல், துணி துவைப்பது, இதற்கு மேல் குதிரைச் சாணமா என்று உள்ளுக்குள் கொதித்தேன். உங்கள் மகன் ஒரகடம் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து பார்த்துவிட்டு, "லீவு போட்டெல்லாம் என்னால குதிர மேய்க்க முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மிச்சம் இருந்தது நான்தான். கொட்டகையில் பழைய மாட்டுத் தொட்டியைக் கழுவிக்கொண்டே, ஏன் மாமா இந்த வேலை உங்களுக்கு என்று கேட்டேன். முட்டி வலி வந்து தறிக்குழிக்குள் கால் இறக்க முடியாமல் போன பிறகு, நீங்கள் பகலெல்லாம் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருப்பீர்கள்.  அன்று குதிரையின் பிடரியில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னீர்கள்.

"சின்ன வயசுல இருந்து சாமி வர்ற மரக்குதிரையவே பாத்துக்கினு இருந்தேன்மா. இது மூச்சு வுடுது பாரு."

அதற்கு மேல் என்னால் கோபப்பட முடியவில்லை. கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அவளுக்குப் பெயர் வைத்தது நீங்கள். நல்ல அரக்கு நிறம். நெற்றியிலிருந்து மூக்கு வரை மெல்லிசாக ஒரு வெளிர் கோடு, சேலைக் கரையில் ஒற்றை இழை ஓடுவது போல. ஜரிகை என்று கூப்பிட்டீர்கள். "அசலா, போலியானு உரசிப் பாத்து வாங்கினியா?" என்று அத்தை கேட்டார். அடுத்த ஒரு வருஷம் அவள் என்ன தப்பு செய்தாலும் அத்தை இதையே கேட்டார்.

தப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. விற்ற பாய், "பேண்டு சத்தம், வெடி சத்தம் எதுக்கும் அசையாது பெரியவரே, ரொம்ப சாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். சாதுதான். உங்கள் துண்டைத் தின்றாள். என் தலையில் இருந்த பூவைத் தின்றாள். லாடம் அடிக்க ஆற்காட்டிலிருந்து பைக்கில் வந்தவரை உதைக்கவில்லை, ஆனால் அவர் குனிந்திருந்தபோது முழு எடையையும் அவர் முதுகில் சாய்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நீங்கள் செல்போனில் யாரோ இந்தியில் குதிரை பழக்கும் வீடியோவைப் பார்த்து, அதே இந்தியில் அவளுக்குக் கட்டளை போட்டீர்கள். அவள் உங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் பாய்க்கே போன் போட்டு, இவளுக்கு என்ன பாஷை தெரியும் என்று கேட்டீர்கள். "வெல்லம் காட்டுங்க பெரியவரே, எல்லா பாஷையும் தெரியும்" என்று அவர் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

காலையில் அவளை நடத்திக் கூட்டிப்போவதுதான் பெரிய பாடு. விடிந்ததும் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டிக் கட்டியிருப்பார்கள். ஒரு சேலைக்கு அல்ல, பல சேலைக்கான பட்டு இழைகள். அதில் ஒரு குளம்பு பட்டால் போதும், நாம் ஊரைக் காலி செய்துகொண்டு போக வேண்டியதுதான். நீங்கள் லகானைப் பிடித்துக்கொண்டு முன்னால், நான் கையை விரித்துக்கொண்டு பாவுக்கும் குதிரைக்கும் நடுவில். இரண்டு பக்கமும் வீட்டுக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பாவை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை. அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவீர்கள். பாவுக்குப் போடக் காய்ச்சி வைத்திருந்த கஞ்சியை வாளியோடு குடித்துவிட்டதை மட்டும் யாரிடமும் சொல்லமாட்டீர்கள். எதிர்வீட்டு அக்கா வந்து, "எங்க பாவு தொவண்டு கெடக்குது, உங்க குதிர வெறைப்பா நிக்குது" என்று சண்டை போட்டதை நான் சொல்லாமல் இருந்ததில்லை.

இவ்வளவு நாளும் ஒன்றை நாம் கவனிக்கவே இல்லை. கொட்டகைக்கும் தறி அறைக்கும் நடுவே ஒரு ஜன்னல். நான் தறியில் உட்கார்ந்து, ஊடு நூலை இழுத்து ஓடும் மர நாடாவை ஓட்டத் தொடங்கியதும் அவள் அடங்கிவிடுவாள். வாளியில் தலையை விட்டு, அவசரமில்லாமல் தின்பாள். காலை முழுக்க ஆட்டம் போட்டவள், வெயில் ஏறினால் களைத்துவிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டோம்.

முதல் அமாவாசை வந்தது. எல்லாத் தறிக்கும் ஓய்வு. காலைச் சாப்பாடு முடிவதற்குள் அவள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டாள். நீங்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு தெரு, நான் ஒரு தெரு. அவளைக் கண்டுபிடித்தது மாவு மில் வாசலில். மிளகாய்த்தூளுக்கும் அரிசி மாவுக்கும் டப்பாவோடு நின்றவர்கள் வரிசையில், ஒரு பெண்ணுக்குப் பின்னால் ஒழுங்காக நின்றிருந்தாள். மில் ஓடும் சத்தத்தில் அவள் காது இரண்டும் தளர்ந்து தொங்கியது. மில்காரர், "இதுக்கு இன்னா அரைக்கணும்?" என்று என்னிடம் கேட்டார்.

நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் மட்டும் அங்கேயே நின்று மில்லையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தீர்கள். வீட்டுக்கு வரும் வழியில் சொன்னீர்கள்: "சத்தம்மா. அவளுக்கு சத்தம் வேணும். பகல்ல தறி நின்னா பயப்படறா."

உடனே என்னைத் தறியில் உட்காரச் சொன்னீர்கள். அத்தை பதறிப்போனார். அமாவாசையன்று தறி ஓடினால் தெரு என்ன பேசும் என்றார். அதற்கு நீங்கள், நாடாவுக்குள் இருந்த நூல் தாரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஒரு ஜட்ஜ் மாதிரி தீர்ப்புச் சொன்னீர்கள்.

"நூல் இல்லாம இழுத்தா அது நெசவு இல்லடி. வெறும் சத்தம்."

நான் வெறும் நாடாவை ஓட்டினேன். அச்சுப்பலகை துணியில் இடிக்காதபடி பார்த்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கொள்ளு மெல்லும் சத்தம் கேட்டது. நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அத்தை, பைத்தியக்கார வீடு என்று சொல்லிவிட்டுப் படையலுக்கு வாழைக்காய் நறுக்கப் போய்விட்டார்.

அன்றே நமக்கு உறைத்திருக்க வேண்டும். தறிச் சத்தத்துக்கு அவளைப் பழக்கியதைத்தான் பார்த்தோமே தவிர, சத்தம் நிற்பதற்கு அவளைப் பழக்கவில்லை. மொத்தத் தெருவும் தறி ஓட்டும் இடத்தில் குதிரை வளர்த்தால் இப்படித்தான் ஆகும்.

ஓரிக்கைக் கல்யாணத்தில் அது வெளிப்பட்டது. மாப்பிள்ளை அழைப்பு. பேண்டு முழங்க ஜரிகை ராணி மாதிரி நடந்தாள் என்று பிறகு சொன்னீர்கள். மண்டப வாசலில் ஆரத்தி எடுக்க பேண்டை நிறுத்தினார்கள். அதே நேரம் யாரோ சோடா நீட்ட, நீங்கள் லகானை விட்டுவிட்டு சோடாவை வாங்கினீர்கள்.

நான் இங்கே வீட்டில் தறியில் இருந்தேன். குளம்புச் சத்தம் சந்துக்குள் வந்தது. இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதா என்று நிமிர்ந்தால், ஜன்னலுக்குள் அவள் முகம். அதற்கு மேலே தலைப்பாகையும் பட்டு வேட்டியுமாக ஒரு பையன். கழுத்தில் பாதி மாலைதான் இருந்தது. மீதியை வழியில் திரும்பித் திரும்பி அவள் தின்றிருக்கிறாள். ஆட்டோ, பஸ் எல்லாவற்றுக்கும் ஒழுங்காக வழிவிட்டு, ஓரிக்கையிலிருந்து நேராகத் தறிக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

"அக்கா," என்றான் அந்த மாப்பிள்ளை, "இதுக்கு பிரேக் எங்க இருக்குதுக்கா?"

இறக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.  தண்ணீரைக் குடித்து முடித்ததும் அவன் கேட்டது ஒன்றுதான். "நானா ஓடலன்னு பொண்ணு வீட்ல நீங்க வந்து சொல்லணும்கா."

பைக்குகளில் ஒரு படையே வந்து இறங்கியது. நானும் அவர்களோடு ஓரிக்கைக்குப் போய், மாப்பிள்ளை நல்லவர், குதிரைதான் இப்படி என்று பெண் வீட்டாரிடம் சாட்சி சொல்லிவிட்டு வந்தேன். மணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்பா சிரிக்கவில்லை. நீங்கள் ஒரு மூலையில் கையில் சோடா பாட்டிலோடு நின்றிருந்தீர்கள். அதைக் கீழே வைக்கக்கூட உங்களுக்குத் தோன்றவில்லை.

  மறுநாள் அத்தை உங்கள் தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "திருப்புட்குழில என் தம்பி பொண்ணு கல்யாணம் வருது. குதிரைலதான் வருவேன்னு அவ அடம் புடிக்கறா, வீடியோ எடுத்துப் போடணுமாம். சரின்னு நானும் வாய வுட்டுட்டேன். என் பொறந்த வீட்டு சனத்துக்கு முன்னாடி உன் குதிர இந்த மாதிரி ஏதாவது பண்ணா, மறுநாளே ஆற்காட்டு பாய்க்கு போன் போடுவேன். நீ குறுக்க வரக்கூடாது."

"வரமாட்டேன்" என்றீர்கள். பிறகு நீங்கள் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். அதுவரை ஜரிகை உங்கள் விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அவள் போய்விட்டால் நீங்கள் மறுபடி வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கத் தொடங்குவீர்கள் என்பது அந்தத் தட்டைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு நான் கட்சி மாறினேன்.

நீங்கள் காலமெல்லாம் கையில் ஓட்டிய பழைய நாடா ஒன்று பரணில் கிடந்தது. கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகியிருந்த மரம். அதையும் ஒரு பலகைத் துண்டையும் எடுத்துக்கொண்டு நீங்கள் கொட்டகையில் நின்றீர்கள். நான் தறியை நிறுத்துவேன். உடனே நீங்கள் நாடாவைப் பலகையில் தட்டுவீர்கள், தறி ஓடும் அதே தாளத்தில். டக்… டக்கு, டக்… டக்கு. அவள் காதை விறைத்து, உங்களைப் பார்த்து, பிறகு வாளிக்குத் திரும்புவாள். ஒரு துண்டு வெல்லம். நாள் போகப் போக மெதுவாகத் தட்டினீர்கள். பிறகு விட்டு விட்டுத் தட்டினீர்கள். பிறகு தட்டாமல் நாடாவைக் கையில் காட்டினாலே நின்றாள். சில நாள் எல்லாம் தேறிவிட்டது என்று நாம் காபி குடிக்க உட்காருவோம், அடுத்த நிமிஷம் கயிற்றை அறுத்திருப்பாள். பிறந்ததிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளாதவள் போல் நிற்பாள். என் சேலை பாதியில் கிடந்தது. சேலையைக் கேட்டுக் கடைக்காரர் போன் போட்டால், உடம்பு சரியில்லை என்று நீங்களே எடுத்துச் சொன்னீர்கள். யார் உடம்பு என்று சொல்லவில்லை.

திருப்புட்குழியில் அன்று மாலை எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. கோயிலிலிருந்து மண்டபத்துக்குப் பெண் அழைப்பு. அத்தையின் தம்பி மகள் அரக்குப் பட்டில், அரக்குக் குதிரைமேல். முன்னால் பேண்டு. பக்கத்தில் சீரியல் விளக்குத் தூக்கிகள். பின்னால் சீர்வரிசைத் தட்டோடு நாங்கள் பெண்கள். பாதி வழியில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் வண்டியும் இருமிவிட்டு நின்றது. இருட்டில் பேண்டுக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு வாசிப்பதை நிறுத்தினார்கள். சத்தமே இல்லை.

ஜரிகையின் காது பின்னால் போனது. நீங்கள் நாடாவை எப்போதும் செருகிவைக்கும் இடுப்பில் கை வைத்தீர்கள். நாடா இல்லை. கல்யாணத்துக்குப் புது வேட்டிதான் கட்ட வேண்டும் என்று அத்தை கட்டாயப்படுத்தியதில், அது பழைய வேட்டி மடிப்பிலேயே வீட்டில் தங்கிவிட்டது. நாக்கைத் தட்டிப் பார்த்தீர்கள். வாய் வறண்டு வெறும் காற்றுதான் வந்தது. அவள் ஊர்ப்பக்கம் தலையைத் திருப்பினாள். மேலே இருந்த பெண், "அத்த, இது திரும்புது" என்றாள். என் இரண்டு கையிலும் தேங்காய்த் தட்டு. கீழே வைக்க இடமில்லை. முடிந்தது, நாளைக்கு லோடு வண்டி வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது என் பக்கத்தில் கைதட்டும் சத்தம் கேட்டது. டக்… டக்கு. டக்… டக்கு. திரும்பிப் பார்த்தேன். அத்தை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் கோபம். கை மட்டும் தறித் தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தது. அத்தனை வருஷம் உங்கள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றியவருக்கு அந்தத் தாளம் தெரியாதா என்ன. வந்திருந்த பெண்கள் எல்லோரும் தறி வீட்டுப் பெண்கள்தானே. ஒருத்தி தட்டைப் பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்துவிட்டுச் சேர்ந்துகொண்டாள். பிறகு இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் அந்த இருட்டுத் தெருவில் ஒரு தறிக்கூடமே ஓடியது. ஜரிகை நீளமாக ஒரு மூச்சு விட்டாள். தலையை நேராக்கிக்கொண்டு நடந்தாள். மண்டப வாசல் வரை, ஆரத்தி முடிகிற வரை, நாங்கள் தட்டுவதை நிறுத்தவில்லை. நீங்கள் லகானைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே நடந்தீர்கள். இருட்டு என்பதால் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருப்பீர்கள்.

மறுநாள் ஆற்காட்டுக்கு எப்போது போன் போட வேண்டும் என்று நீங்கள் அத்தையிடம் வேண்டுமென்றே கேட்டீர்கள்.

"யாரு அனுப்பறேன்னு சொன்னது? நானா?" என்றார் அத்தை. "கொள்ளு ஊற வெச்சியா, அதப் பாரு."

அதற்குப் பிறகு வந்தவை நல்ல வருஷங்கள். அவளைக் கேட்டு வருகிறவர்களிடம், பேண்டை நிறுத்தினால் கைதட்டத் தெரிந்த நாலு பேர் வேண்டும் என்று நிபந்தனை போட்டீர்கள். அதற்கும் சம்மதித்துத்தான் கூட்டிப்போனார்கள். ஓரிக்கை மாப்பிள்ளையே தன் குழந்தைக்குக் காதுகுத்து வைத்தபோது தேடி வந்து கேட்டான். குழந்தையைத் தனியாக நம்பி விடமாட்டேன் என்று கூடவே நடந்தான்.

நீங்கள் அவள்மேல் ஏறியது ஒரே ஒரு முறை. முட்டியைச் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகனும் நானும் பாலாற்று மணலுக்கு அவளைக் கூட்டிப்போய், உங்களை லோடு வண்டியின் பின்தட்டில் நிற்க வைத்து, அங்கிருந்து குதிரைச் சேணத்துக்கு மாற்றினோம். இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தீர்கள். கொஞ்ச தூரம் போனதும் திறந்தீர்கள். சாமி மாதிரி இருக்கிறீர்கள் என்று நான் கீழேயிருந்து சொன்னேன். உங்கள் மகனைக் குனிந்து பார்த்துவிட்டு, "இங்க இருந்து பாத்தா இவனுக்கு சொட்ட வுழுந்தது நல்லா தெரியுதுமா" என்றீர்கள். வாழ்நாள் ஆசை நிறைவேறிய மனுஷர் சொன்ன வார்த்தை அது.

போன வருஷம் ஒரு காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். போகும்போது, கொள்ளை ரொம்பக் குழையவிடாதே என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனீர்கள். திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் மாமா. இருக்கும்போது ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

காரியம் முடியும்வரை தறியில் உட்காரக் கூடாது. வீடு முழுக்க ஆட்கள், ஆனாலும் அமைதி. ஜரிகை தின்பதை நிறுத்திவிட்டாள். முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. அடுத்த நாள் உங்கள் மகன் வெல்லம் காட்டினார், நான் கைதட்டிப் பார்த்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் வயிறு ஒட்டிப்போயிருந்தது. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை, எப்படியாவது தின்னவையுங்கள் என்றார். எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை.

அத்தை மூலையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.  டாக்டர் போன பிறகு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"போய் தறில உக்காரு."

நான் தயங்கினேன். இழவு வீட்டில், அதுவும் இத்தனை பேர் நடுவில்.

"நாடால தார் வேணாம்" என்றார். "நூல் இல்லாம இழுத்தா அது நெசவு இல்ல. அந்த ஆளுதான் சொல்லிட்டுப் போயிருக்கார் இல்ல."

நான் தாரை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கண்ணீர் வழிந்து எதுவும் தெரியவில்லை. கைக்குத் தெரிந்திருந்தது, ஓட்டினேன்.  துக்கம் கேட்க அப்போதுதான் உள்ளே நுழைந்த ஒரு உறவுக்காரப் பெண், "இன்னா அக்கா, இன்னைக்குப் போய் தறி ஓடுது?" என்று அத்தையிடம் கேட்டாள்.

"தறி ஓடல" என்றார் அத்தை. "குதிர சாப்புடுது."

உண்மையாகவே சாப்பிட்டாள் மாமா. முதலில் மோந்து பார்த்தாள், பிறகு மூக்கை விட்டாள், பிறகு அந்த மெல்லும் சத்தம். அத்தை எழுந்து வந்து ஜன்னலருகே நின்று அதைக் கேட்டார். அதற்குப் பிறகுதான் அத்தையும் ஒரு வாய் சாப்பிட்டார்.

இப்போது ஜரிகை நன்றாக இருக்கிறாள். போன முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம். லகானை உங்கள் மகன் பிடிக்கிறார். ஷிப்ட் மாற்றிக்கொண்டு லீவும் போடுகிறார், கேட்டால் அசடு வழிகிறார். உங்கள் நாடா என்னிடம் இருக்கிறது. ஊர்வலத்துக்குப் போகும்போது என் இடுப்பில்தான் செருகிக்கொள்கிறேன். புதுச் சேலை கட்டினாலும் மறப்பதில்லை.

இன்று காலை பொங்கி வழிந்தது போக மிச்சமிருந்த கொள்ளை ஆறவைத்து அத்தையே கொட்டகைக்கு எடுத்துப் போனார். காக்கைக்குச் சோறு வைப்பதற்கு முன்னால், உங்களுக்குப் படைப்பதற்கு முன்னால், அவளுக்கு. போகிற வழியில் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். வெங்காயம் போடவில்லை என்று முகத்தைச் சுளித்தார். நான் தறியில் உட்கார்ந்து தாரை எடுத்து ஓரமாக வைத்தேன். வெறும் நாடாவை ஓட்டினேன். கால் தட்டுவது நின்று, மெல்லும் சத்தம் தொடங்கியது.

அவள் சீக்கிரமே தின்று முடித்துவிட்டாள். காலி வாளியை நக்கும் சத்தம்கூட ஓய்ந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அத்தை வாளியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார், போதும் என்று அவரும் சொல்லவில்லை.